வெள்ளிக்கிழமை கழுவிய வீடு

பாமாவின் கண்ணில் முதலில் படுவது அழுக்குதான். பிறவிக் குணம், என்ன செய்ய? கல்யாணத்துக்குப் போனால்கூட மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேடைத் திரையில் இருக்கும் கறையைப் பார்த்துவிடுவாள். அன்றைக்கு சிவாஜிநகர் கோர்ட்டில், பெற்ற மகளையே கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்ற ப்ரீதியைப் பார்த்ததும் அவள் மனசில் ஓடியது இதுதான்: 'சுடிதார் ஓரத்தை இந்தப் பெண் தோய்க்கவே இல்லையா?' அடுத்த நொடி தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தோய்ப்பதைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டி. இரண்டாவது மாடியில் பாமாவும், மத்திய சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவள் கணவர் மகாதேவனும். நேர் மேலே மூன்றாவது மாடியில் ஈரோட்டுக்காரர்களான ப்ரீதியும் ஹர்ஷாவும். ஹர்ஷா ஆகுர்டியில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர், ப்ரீதிக்கு ஐடி வேலை. ஒரே பெண் வைஷு, ஆறு வயது. கட்டடத்தில் தமிழ் பேசுகிற வீடுகள் இந்த இரண்டே இரண்டுதான். அதனாலேயே மேல் வீட்டுக்குத் தான் பாதி மாமியார் என்று பாமா நினைத்துக்கொண்டிருந்தாள். ரசம் கொடுக்கும் சாக்கில் மேலே போவாள், சிங்க்கில் எத்தனை பாத்திரம் கிடக்கிறது, சோபாவில் மடிக்காத துணி எவ்வளவு என்று பார்த்துவிட்டு இறங்கி வருவாள்.

"ஏண்டி, மேலாத்து சிங்க்கைக் கணக்கெடுக்கச் சொல்லி உனக்கு யாராவது உத்தியோகம் போட்டுக் குடுத்திருக்காளா?" என்பார் மகாதேவன்.

வைஷு மட்டும் பாமாவிடம் எதற்கும் பயப்படாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவரும். "மாமி, அஜூன் ஒரு தட்டை குடு." இன்னும் ஒன்று என்பதை அது மராத்தியில்தான் சொல்லும். தரையில் பதிந்த செருப்புத் தடத்தைத் திட்டிக்கொண்டே பாமா இரண்டாகக் கொடுப்பாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கீழே விளையாடிக்கொண்டிருந்த வைஷுவைக் காணவில்லை. ஆறு மணிக்கு ஊஞ்சலில் இருந்தாள், ஆறரைக்கு இல்லை. பின்பக்கக் கேட்டின் கேமரா வேலை செய்து ஒரு மாதமாகியிருந்தது. சொசைட்டியே தேடியது. போலீசில் புகார் கொடுத்தார்கள், இரண்டு பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பாமா ஃபிளாஸ்க்கில் காபியோடு மேலே போனாள். நல்ல எண்ணத்தோடுதான் போனாள், அதில் குறை சொல்ல முடியாது. ஹர்ஷா ரயில்வே ஸ்டேஷனில் தேடப் போயிருந்தான். ப்ரீதி மகளின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காபியை நீட்டிய கையோடு பாமா வீட்டைப் பார்த்தாள். நேற்றைய இட்லி மாவு மேடையில் காய்ந்து கிடந்தது. தரையெல்லாம் ஊரார் செருப்புத் தடம். குழந்தை முந்தின நாள் படுக்கையை நனைத்த விரிப்பு அப்படியே கட்டிலில் இருந்தது.

"என்னடிம்மா இது! வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்தை இப்படிப் போட்டு வெச்சிருக்கே?" என்றாள் பாமா. "டிவிக்காரா வருவா, பெரிய போலீஸ்காரா வருவா. மராத்திக்காரா முன்னாடி நம்ம மானம் போகணுமா? எழுந்துக்கோ. அலம்பி விட்டு, ஒரு விளக்கேத்தி வை. அழுக்கு ஆத்துக்குக் குழந்தை எப்படித் திரும்பி வரும்?"

ப்ரீதி நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவேங்களா மாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்னே எப்போ?"

ப்ரீதி எழுந்தாள். பாமா கீழே ஓடிப்போய்த் தன் வீட்டு பினாயில் பாட்டிலை எடுத்துவந்தாள். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் வீட்டைத் தேய்த்துக் கழுவினார்கள். விரிப்பு, தலையணை உறை, குழந்தையின் யூனிஃபார்ம், சாக்ஸ் எல்லாம் மிஷினுக்குள் போயின. பள்ளிக்கூடப் பையை சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். சின்ன ஷூவை பாமாவே பிரஷ் போட்டுத் தேய்த்து பால்கனியில் கவிழ்த்தாள். கனமான அந்த விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துப் பிழிந்தார்கள். விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாமாவுக்கு மனசு நிறைந்துகூடப் போயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

பத்து மணிக்கு போலீஸ் நாய் வந்தது.

நாயைக் கூட்டி வந்தவர் குழந்தை போட்ட துணி ஏதாவது கொடுங்கள் என்றார். கொடியில் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஷூவைக் காட்டினார்கள். நாய் முகர்ந்தது, தும்மியது. கட்டிலைச் சுற்றியது, மறுபடியும் தும்மியது. படிவரைக்கும் போய்த் திரும்பி வந்து, பினாயில் மணக்கும் தரையில் படுத்துவிட்டது. அந்த ஆள் யாரையும் திட்டவில்லை. "எல்லாவற்றையும் கழுவிவிட்டீர்களே" என்று மட்டும் மராத்தியில் சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் பினாயில் பாட்டிலோடு கதவோரம் நின்றிருந்த பாமா அதைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வைஷு கிடைக்கவில்லை. ஒரு வாரமாயிற்று, ஒரு மாதமாயிற்று, குழந்தையைப் பற்றி ஒரு துப்பும் இல்லை. குழந்தை கேட்டைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை என்பதால் போலீசின் பார்வை வீட்டுக்குள் திரும்பியது. ஊர்வாயைக் கேட்பானேன்? அம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தி என்றார்கள், கணவன் மனைவிக்குள் சண்டை என்றார்கள். வீட்டைச் சோதித்தபோது எதுவுமே கிடைக்கவில்லை. கிடைக்காததே சந்தேகமாகிவிட்டது. மகள் காணாமல் போன மறுநாள் காலையில் எந்தத் தாய் வீட்டைக் கழுவுவாள்?

கீழ் வீட்டு மாமி சொன்னார்கள், அதனால் கழுவினேன் என்று ப்ரீதி சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்க இன்ஸ்பெக்டர் பாமாவின் வீட்டுக்கு வந்தார். மகாதேவன் முன்னாடியே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வம்பை வெலைக்கு வாங்காதே" என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் பாமா பொய் சொன்னது அவருக்குப் பயந்து இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்டதுமே அவள் கண்ணுக்கு முன்னால் அந்த நாய் வந்து படுத்துக்கொண்டது. ஆமாம் என்று சொன்னால், குழந்தை போன வழியை அழித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"நஹி சாஹிப். மைனே தோ ஸிர்ஃப் தியா ஜலானே கோ கஹா" என்றாள். விளக்கேற்றத்தான் சொன்னேன், கழுவச் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து இரண்டு பேரையும் கைது செய்தார்கள். உடல் கிடைக்காமலே கொலை வழக்கு. வீட்டைக் கழுவியது தடயத்தை அழித்தது, மாமி சொன்னார் என்றது பொய், அந்தப் பொய்யே குற்றத்துக்கு இன்னொரு சாட்சி. பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. பாமா அதைப் படித்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? லிஃப்ட் பக்கத்தில் கூடி நின்ற பெண்களோடு சேர்ந்துகொண்டு, அவள் வீடு வைத்திருந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும் என்று இந்தியில் ஒத்து ஊதினாள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள். வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று மகாதேவனிடம் சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து சம்மன் வந்தது. பாமா போலீஸ் தரப்புச் சாட்சி. பிம்ப்ரியில் மெட்ரோ ஏறி சிவில் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கும்வரை மகாதேவன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். "எழுதிக் குடுத்ததை மாத்திச் சொன்னா உன்மேலயே கேஸ் போடுவா. நெனப்பு இருக்கட்டும்."

"இருக்குன்னா."

கோர்ட்டுக்குள் நுழைந்ததும்தான் சுடிதார் ஓரம் கண்ணில் பட்டது. பிறகு முகத்தைப் பார்த்தாள். ப்ரீதிக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது, முன்தலை பாதி நரைத்துவிட்டது. பக்கத்தில் ஹர்ஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ப்ரீதி பாமாவைப் பார்த்தாள். பார்த்ததும், வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் செய்வதுபோல, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கை கூப்பினாள். கேலியாகச் செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பழக்கதோஷத்தில் செய்தாள்.

சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். பாமா இந்தியில் பேசுவதாகச் சொன்னாள். அரசு வக்கீல் கேட்டார், "அன்று காலை அவர் வீட்டைக் கழுவினாரா?"

"கழுவினாள்."

"குழந்தையின் துணிகளை?"

"தோய்த்தாள்."

"கழுவும்படி நீங்கள் சொன்னீர்களா?" இல்லை என்ற பதில் அவர் கையில் இருந்த காகிதத்தில் ஏற்கெனவே இருந்தது. அடுத்த கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் பாமா.

வக்கீல் நிமிர்ந்தார். ஜட்ஜ் சரியாகக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றார். சொன்னாள். டைப் அடிக்கிறவருக்கு நிதானமாகச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவையும் சொன்னாள். ஒரு தடவை சொல்லவே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "நான்தான் கழுவச் சொன்னேன். பினாயில் என்னுடையது. ஷூவை நான் தேய்த்தேன். விரிப்பை நானும் சேர்ந்து பிழிந்தேன்."

அரசு வக்கீலுக்கு வந்ததே கோபம்! சாட்சி பிறழ்ந்துவிட்டார், நானே குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, அவளுடைய பழைய வாக்குமூலத்தை முகத்துக்கு நேராகப் படித்தார். "அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

"அன்று சொன்னது."

"உங்கள் மொழிக்காரர் என்பதால் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்."

"காப்பாற்றுகிறவளாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே, சாஹிப்."

"அப்படியானால் ஏன் பொய் சொன்னீர்கள்?"

பாமா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இந்தி மறந்துபோயிற்று, முப்பது வருஷமாகக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசிய இந்தி. "நாய்," என்றாள் தமிழில். பிறகு தேடிப் பிடித்து, "குத்தா... குத்தா வந்தது. அதுக்கு மோப்பம் பிடிக்க ஒண்ணுமே இல்லை. எல்லாத்தையும் நான் அலம்பிட்டேன். குழந்தை கிடைக்காததுக்கு நான்தான் காரணம்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. வெட்கமா இருந்தது" என்று பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்லி முடித்தாள். ஜட்ஜ் அதைச் சுருக்கி மூன்று வரியில் டைப் அடிக்கச் சொன்னார். சாட்சி அழுகிறார் என்பதையும் சேர்க்கச் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ப்ரீதியாகவே கழுவ வேண்டும் என்று சொன்னாரா?"

"இல்லை. இப்பவேவா என்று கேட்டாள். பின்னே எப்போ என்று நான்தான் அதட்டினேன்."

சாப்பாட்டு இடைவேளைக்கு கோர்ட் கலைந்தது. வழக்கு முடிந்துவிடவில்லை, இன்னும் ஒன்பது சாட்சிகள் பாக்கி. பொய் சொன்னதற்கு பாமாமீது என்ன நடவடிக்கை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஜட்ஜ் சொல்லியிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் மகாதேவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கப்படாதாடி?" என்றார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

பெண் போலீஸ் ப்ரீதியை அந்தப் பக்கமாக அழைத்து வந்தாள். பாமா எழுந்து வழியில் நின்றாள். மன்னிப்புக் கேட்பதற்கு வைத்திருந்த வார்த்தைகள் இரண்டு வருஷமாகத் தயாராகத்தான் இருந்தன, ஆனால் எதுவும் போதாது என்று பட்டது. திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று கை கூப்பி நின்றாள். பெண் போலீஸ் என்ன நினைத்தாளோ, ஒரு நிமிஷம் நின்றாள்.

"அன்னைக்கு எனக்குக் கழுவ மனசே வரலீங்க மாமி," என்றாள் ப்ரீதி. குரலில் கோபமே இல்லை. "அந்தப் பெட்ஷீட்டை மோந்து பார்த்துட்டேதான் உக்காந்திருந்தேன், நீங்க வர்ற வரைக்கும். வேண்டாம்னு சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க வீட்டைப் பார்த்த பார்வையில வெட்கமாப் போச்சு. குடுத்துட்டேன்."

"ப்ரீதி..." என்றாள் பாமா.

"அவ வாசம் எனக்கு இப்ப சுத்தமா மறந்து போச்சுங்க மாமி. ஜெயில்ல கண்ணை மூடி மூடி நெனச்சுப் பார்க்கறேன், வர மாட்டேங்குது. உங்க வீட்டுக்கும் தெனமும் வருவாளே. பெட்ஷீட்டையும் நீங்கதான் புழிஞ்சீங்க." ப்ரீதி ஒரு அடி கிட்டே வந்தாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா? எப்படி இருக்கும்னு சொல்லுங்களேன்."

பாமா கண்ணை மூடினாள். தட்டை கேட்கும் குரலை நினைத்தாள், தரையில் பதியும் செருப்புத் தடத்தை நினைத்தாள், அந்த விரிப்பின் ஒரு முனையைக் கையில் பிடித்திருந்ததை நினைத்தாள். எவ்வளவு முயன்றும் பினாயில் வாசனைதான் வந்தது.