வயிற்றுக் கொப்பி

1

இந்தக் கதை ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியில் பிறந்தது. அந்தக் கொப்பியில் நான் எழுதினது பொய். இதில் எழுதப்போறது உண்மை. இரண்டும் ஒரே பேனைதான், அதனால் கவனமாக வாசியுங்கோ.

நான் றெனால்ட். பேசாலையில் இருக்கிறேன். பகலில் மீன்பிடிச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், மற்ற நேரத்தில் கதை எழுதுகிறவன். என் மனைவி மேரிசெல்வி ஒரு நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறா. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துத் தட்டில் அடுக்கிற வேலை. நாலு மாதமாக அவவுக்கு வயிறு சரியில்லை. நெஞ்செரிவு, ஊதல், நோவு. வெளிக்குப் போறதென்றால் மூன்று நாளைக்கு ஒருதரம்.

[இதையெல்லாம் எழுதலாமா என்று அவவிடம் கேட்டேன். "எழுதுங்கோ. ஊரில எல்லாருக்கும் வயிறு இருக்குத்தானே" என்றா.]

மன்னார் ஆசுப்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டா. அங்கே தாதிமாரில் பாதிப்பேர் அவவுக்குச் சொந்தம், பின்னேரச் செபத்துக்கு முதல் கோயில் முற்றம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே பஸ் ஏறி முருங்கனுக்குப் போனோம். அங்கே டொக்டர் றஸ்னா. சின்ன வயசு, பொறுமையான குரல்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"குடிக்கிறனான்."

"எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

"நேரத்துக்கு."

டொக்டர் என் பக்கம் திரும்பினா. "நீங்க சொல்லுங்க. வேலைக்குப் போக முதல் இவங்க என்ன சாப்பிடுறாங்க?"

எனக்குத் தெரியாது. கலியாணம் கட்டி இருபத்தொரு வருசம்.

"சரி, ரெண்டு கிழமைக்கு எழுதிக்கொண்டு வாங்க. என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணி, எப்ப வெளிக்குப் போனது, எல்லாம்."

"எழுதிறதுக்குத்தான் இவர் இருக்கிறாரே, டொக்டர்" என்றா மேரிசெல்வி. பெருமையாகச் சொன்னா. அந்தப் பெருமையை ஞாபகம் வைத்திருங்கோ, பின்னால் எனக்கு அது நல்லாய்ச் சுடும்.

2

கதைக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

(அ) "மன்னாரில் கழுதைகள்கூட நேரத்துக்கு மேயும்…" வெட்டிவிட்டேன். கழுதையும் பெருக்கமரமும் இல்லாமல் மன்னாரைப் பற்றி எழுதத் தெரியாதோ என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

(ஆ) "சமிபாடு வாயில் தொடங்குகிறது." இது விஞ்ஞானப் புத்தகம். அந்தப் பாடத்தில் நான் எடுத்த புள்ளியைப் பற்றி இங்கே பேச்சில்லை.

(இ) "மேரிசெல்வி விடிய எழும்பி முதலில்"

இந்த வசனம் இப்படியே நிற்கிறது. முதலில் என்ன செய்கிறா? நானும் பிள்ளைகளும் எழும்பும்போது எங்கள் தேத்தண்ணி மேசையில் இருக்கும், அவ செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பா. தான் குடித்தாவோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பாத்திரத்தை அறியாமல் பேனையைத் தொடாதே என்று எழுத வருகிற இளம் ஆட்களுக்கெல்லாம் நான் பெரிய வாய் அடிக்கிறவன்.

3

கொப்பியின் மட்டையில் "வயிறு" என்று மேரிசெல்வியே எழுதித் தந்தா. முதல் மூன்று நாளும் நேர்மையாகத்தான் தொடங்கினேன். அவ வேலையால் வந்தவுடன் கொப்பியோடு போய் நிற்பேன்.

"பத்து மணிக்கு என்ன சாப்பிட்டனி?"

"சாப்பிட்டனான்."

"என்ன?"

"சாப்பாடுதான். விடுங்கோ, உலை கொதிக்குது."

நாலாம் நாள் கேட்கிறதை விட்டேன். எழுதத் தெரிந்தவனுக்குக் கேட்கிறது ஒரு குறைச்சல் மாதிரி இருந்தது. "10.30. பிளேன்ரீ, ஒரு கதலி வாழைப்பழம்" என்று எழுதினேன். வாழைப்பழம் ஏன் வந்தது? பிளேன்ரீயோடு விட்டால் அந்த வரி நொண்டினது, பழம் வந்ததும் நேராக நின்றது. வேறு ஒரு காரணமும் இல்லை.

தண்ணீர் நாளைக்கு எட்டுக் கிளாஸ். எல்லா நாளும் எட்டென்றால் நம்பமாட்டார்கள் என்று செவ்வாய்க்கிழமை மட்டும் ஆறு ஆக்கினேன். (அந்த ஆறை நினைத்து எனக்குள்ளே ஒரு புளுகம், பெருமை வேறு. பாருங்கோ என்னை.) மத்தியானம் ஆறுதலாக இருந்து சாப்பாடு. இரவு ஏழரைக்கு இடியப்பம், சொதி, பிறகு முற்றத்தில் கொஞ்சம் நடை. வெளிக்குப் போன கணக்கை மட்டும் அவ சொன்னபடியே எழுதினேன். அதில் கற்பனை ஓடவில்லை.

4

(இது கட்டுரைப் பகுதி. அவசரமென்றால் தாண்டிப் போங்கோ, கோபிக்கமாட்டேன்.)

வயிறு என்று வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் டொக்டர்மார். குற்றம் எப்போதும் சாப்பாட்டின் மேல்தான். நண்டு சூடு, பருப்பு வாய்வு, உறைப்புக் கூடிப்போச்சு. வெந்தயத்தை ஊறப்போடு, இஞ்சியைக் குத்திக் குடி, சரியாகிவிடும். டொக்டர் றஸ்னா கேட்டது வேறு. இருந்து சாப்பிடுகிறதா, நின்று சாப்பிடுகிறதா? மென்று தின்கிறதா, விழுங்குகிறதா? சாப்பிட்ட கையோடு படுக்கிறதா? வெளிக்கு வந்தால் போகிறதா, அடக்குகிறதா? சட்டிக்குள் எட்டிப் பார்த்து இதற்கெல்லாம் பதில் சொல்ல ஏலாது. ஆளோடு கூட இருந்து பார்த்திருக்க வேணும்.

5

இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை, மேரிசெல்வியைத் தாதி நிறை பார்க்கக் கூட்டிப்போன நேரம், டொக்டர் கொப்பியை வரி வரியாக வாசித்தா. எனக்கு வாய்த்த வாசகர்களில் இவ்வளவு கவனமாக வாசித்தவ அவ ஒருத்திதான்.

"நல்ல விபரமா எழுதியிருக்கிறீங்க" என்றா என்னைப் பார்த்து. எனக்கு உள்ளே குளிர்ந்தது. (கடவுளே, குளிர்ந்ததே!) பிறகு அவவின் முகம் மாறினது.

"தண்ணி போதும். பழம் இருக்கு. சாப்பாடு நேரத்துக்கு. பழக்கத்தில ஒரு பிழையும் இல்லை. அப்ப நாலு மாசமா ஏன் இப்படி?" மேரிசெல்வி திரும்பி வந்ததும் சொன்னா: "வயித்துக்குள்ள கமரா விட்டுப் பார்க்கிறது நல்லம். வவுனியாவுக்குக் கடிதம் தாறன், வாற கிழமை வெள்ளிக்கிழமை போங்க. பயப்பட வேணாம்."

மேரிசெல்வியின் அம்மா வயிற்றில் கட்டி வந்து செத்தவ. நாற்பத்தாறு வயதில். வாற மாதம் மேரிசெல்விக்கு நாற்பத்தாறு.

திரும்பி வரும்போது பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறினபோது அவ சொன்னா:

"மிளகாய்த்தூள் நீல மூடிப் போத்தில். மஞ்சள் சிவப்பு மூடி. மாத்திப் போட்டிடாதேங்கோ."

"இதேன் இப்ப?"

"சோத்துக்கு, அரிசிக்கு மேல ரெண்டு விரல்கட்டை தண்ணி. உங்கட வெள்ளைச் சேட்டை மற்ற உடுப்போட ஊறப்போடாதேங்கோ."

தான் இல்லாத வீட்டை எனக்குச் சொல்லித் தந்துகொண்டு வாறா. நான் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வாறேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேணும். வெட்கம் விடவில்லை. என்ன மனுசன் நான்!

6

இந்த இடத்தில் கதைக்கு முடிவு தேடினேன்.

முடிவு ஒன்று: பஸ்ஸிலேயே சொல்லிவிடுகிறேன், அவ சிரிக்கிறா, பஸ்ஸே சிரிக்கிறது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: கமராவில் ஒன்றும் இல்லை, நான் வாயே திறக்கவில்லை, சுபம். இந்த முடிவு கிடைக்க வேண்டி மூன்று நாள் செபமாலை சொன்னேன். மாதாவுக்கே என்னில் அருவருப்பு வந்திருக்கும்.

முடிவு மூன்று: கொப்பி தொலைந்து

இல்லை. சனிக்கிழமை பின்னேரம் லூர்தம்மா அக்காவிடம் போனேன். கொம்பனியில் மேரிசெல்வியோடு ஒரே மேசையில் இருக்கிறவ.

"அக்கா, மேரி வேலையில தண்ணி குடிக்கிறவவோ?"

"தண்ணியோ? எங்கட மேசையில இப்ப கனபேர் குடிக்கிறேல்ல, தம்பி."

ஒரு மேசைக்கு நாலு பேராம். ஒருத்தி உடைக்க, ஒருத்தி உடல் சதை எடுக்க, ஒருத்தி கால் சதை எடுக்க, கடைசி ஆள் ஓட்டுத் துண்டு கிடக்கோ என்று பார்க்கிறது. ஒருத்தி எழும்பினால் தட்டு நின்றுவிடும். கையுறை, தொப்பி, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் கழற்றிப் போய், வந்து முழங்கை மட்டும் கழுவி, திரும்பப் போட வேணும். அதனால் ஒரு மேசை காலையில் மூன்று தரம்தான் எழும்பலாம். அந்த மூன்று தரத்தையும் நாலு மாதமாக மேசையின் நாலாவது ஆள் கிருசாந்தினிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"பிள்ளைத்தாச்சி, தம்பி. அவளால அடக்கேலாது. கொம்பனிக்கு இன்னும் சொல்லேல்ல, வீட்டில நில் எண்டிடுவினமோ எண்டு பயம். அதால நாங்கள் மூண்டு பேரும் விடியவில இருந்து தண்ணியைத் தொடுறேல்ல. குடிச்சாத்தானே எழும்போணும்? மத்தியானமும் நிண்டபடி அள்ளி விழுங்கிப்போட்டு, நிண்டுபோன தட்டைப் பிடிக்கிறது."

"ஆர் அக்கா இந்த யோசனை சொன்னது?"

"ஆர், உங்கட மனுசிதான். இரவும் உங்களுக்கும் பிள்ளையளுக்கும் போட்டிட்டு, ஒன்பதரைக்குப் பானையோட நிண்டு சாப்பிட்டிட்டு நேர பாயில விழுறாவாம். உங்களுக்குத் தெரியாதோ?"

ஒன்பதரைக்கு நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். மனிதர்களின் துயரங்களை எழுதிக்கொண்டிருப்பேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

லூர்தம்மா அக்கா சங்கடமாகச் சிரித்தா. "உங்களிட்டச் சொன்னா கதையாப் போயிடும் எண்டவ."

[கிருசாந்தினி அவளுடைய பெயர் இல்லை. கேட்டு, ஓம் என்றபிறகுதான் எழுதினேன். ஊரில் தேடாதேங்கோ.]

7

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேரிசெல்வி குசினி வாசலில் விளைமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தா. நான் முன்னால் குந்தினேன்.

"மேரி, அந்த வாழைப்பழம் பொய்."

"எந்த வாழைப்பழம்?"

கொப்பியை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தா. பக்கம் பக்கமாக வாசித்தா. ஒரு செதில் அவவின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டுக் கிளாஸ் தண்ணியோ?" என்றா. சிரித்தா. சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது. "பாவி மனுசா! நாலு நாளா நான் செத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் ஆருக்கோ வாழைப்பழம் தீத்திக்கொண்டிருந்திருக்கிறியள்!"

"மேரி…"

"ஏழரைக்கு இடியப்பமும் திண்டிட்டு முற்றத்தில உலாத்திறாளே, இவள் ஆர்? இவளைக் கொண்டுபோய்த்தானே டொக்டரிட்டக் காட்டினனீங்கள்? இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் வருத்தம்."

எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானது இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவ மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கம் செதில் எடுத்தா. பிறகு, "கத்தியை எடுத்துத் தீட்டித் தாங்கோ" என்றா. தீட்டிக் கொடுத்தேன். அன்று மத்தியானம் அவ எனக்குப் போட்டுவிட்டுத் திரும்பினபோது, சோற்றில் கை வைக்காமல் இருந்தேன். ஐந்து நிமிசம் முறைத்துப் பார்த்துவிட்டு, தன் சோற்றுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து முன் கதிரையில் இருந்தா. அவ மீன் தலையை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறா என்று அன்றுதான் கண்டேன். நடுத்துண்டு எப்பவும் என் கோப்பையில்தான் விழும், தலை ஆருக்குப் போனது என்று நான் யோசித்ததே இல்லை.

8

இன்று செவ்வாய்க்கிழமை. புதுக் கொப்பி வந்துவிட்டது. இந்த முறை அவவே எழுதுகிறா, என்னைப் பேனை தொட விடவில்லை. நேற்றைய பக்கத்தில் இருந்து, அனுமதியோடு:

"5.10 தண்ணி ரெண்டு கிளாஸ். 11.00 நாலு பேரும் ஒண்டா எழும்பினம். ஒராள் போனாலும் தட்டு நிக்கும், நாலு பேர் போனாலும் நிக்கும், இது இவ்வளவு நாளும் எங்கட மண்டையில ஏறேல்ல. தண்ணி ஒரு போத்தில். 7.40 புட்டு, மீன் குழம்பு. இருந்து சாப்பிட்டது. அவர் மெதுவாச் சாப்பிடுறார், பாத்துக்கொண்டிருக்க எரிச்சல். நல்லாவும் இருந்துது."

வவுனியாக் கடிதம் மடு மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு இரண்டு கொப்பியையும் கொண்டு முருங்கனுக்குப் போகிறோம். பொய்க் கொப்பியை டொக்டரிடம் நானே என் வாயால் சொல்லிக் கொடுக்க வேணும், அதுதான் எனக்குத் தண்டனை. கமரா வேணுமோ வேண்டாமோ, அதை டொக்டர்தான் சொல்லுவா. வேணும் என்றால் வெள்ளிக்கிழமை கையைப் பிடித்துக்கொண்டு போவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவவுக்கும்தான். நாளைக்கு நடக்கப்போறதை நான் எழுதமாட்டேன், நடக்காததை எழுதக் கூடாது என்று வீட்டில் சட்டம் வந்துவிட்டது.

ஆகவே மிச்சப் பக்கம் உங்களுக்கு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறவர் ஒருவர் இருப்பார். அவருடைய பெயரை மேலே எழுதுங்கோ. அதற்குக் கீழே, நேற்றுக் காலை பத்தரைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கோ.

பெயர்: ……………………

10.30: ……………………

தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கோ. வாழைப்பழம் மட்டும் போடாதேங்கோ.