செபமாலைக்கு நடுவில் கட்

"கட்!"

இயக்குநர் றெக்ஸ் போட்ட சத்தம் பியர்பொன்ட்ஸ் வாடகை மண்டபம் முழுக்கக் கேட்டது. சவப்பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் மட்டும் நிற்கவில்லை. செபமாலை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

யோசெப்பின் பத்து மணிகளையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். "துவங்கின செபமாலையை நடுவிலை விடேலாது தம்பி. இன்னும் பாதி கிடக்கு."

"பொய்ச் சாவுதானே அக்கா!"

"சாவு பொய். செபமும் பொய்யோ?"

பிழை அவனுடையதுதான். பெண்களை அழச் சொன்னான், சிரித்தார்கள். "அப்ப செத்தவீட்டிலை வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ" என்றான். செய்கிறார்கள்.

லண்டனில் அவன் பத்திரிகை நிருபனாக இருந்தவன். விபத்து, வழக்கு, இழுத்து மூடிய தொழிற்சாலை என்று மழையில் நனைந்து எழுதிக் கொடுப்பான். இடமில்லையென்று கடைசிப் பந்தியை வெட்டிவிடுவார்கள். அவன் சொல்ல வந்தது எப்போதும் அந்தப் பந்தியில்தான் கிடக்கும். அந்தக் கடுப்பில் வேலையை எறிந்துவிட்டு இங்கே படமெடுக்க வந்தான். முதல் படத்தைச் சொந்தக்காரர் மட்டும்தான் பார்த்தார்கள், அதுவும் பாதிப்பேர். இதுவும் படுத்தால் பழைய பத்திரிகை மேசைக்கே போய்ப் பல்லைக் காட்டவேண்டும். மிச்சமிருப்பது இந்த ஒரு காட்சி. மண்டபத்தை விடும் நேரமும் வந்துவிட்டது.

"அண்ணை, பிணத்தைப் பாருங்கோ" என்றாள் கமராக்காரி றொஷினி.

பெட்டிக்குள் கிடந்த தேவதாசன், யோசெப்பினின் புருசன், கண்ணை மூடியபடியே வாயசைத்துப் பதில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். றெக்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நிருபர் புத்தி விடவில்லை. "ஆருக்காண்டி அக்கா இந்தச் செபத்தை ஒப்புக்குடுக்கிறியள்?"

"சாகாத மனுசனுக்கே குடுப்பன்? உம்மடை படம் ஓடத்தான். சும்மா குறுக்கை கதையாதையும்."

கதவு திறந்தது. மண்டபத்தைப் பூட்ட வந்த கிழவர் சாவிக்கொத்தை ஆட்டியபடி "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் துவங்கினார். பெட்டியைக் கண்டார். வார்த்தையை விழுங்கி, கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின்சுவரோடு நின்றுவிட்டார்.

றெக்ஸ் றொஷினியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "ஓட விடு. நான் கட் சொல்லமாட்டன். கையளைப் பிடி."

கமரா கைகளில் ஊர்ந்தது. கோழித் தொழிற்சாலைக் குளிரில் வெடித்த விரல்கள், எண்ணெய் சுட்ட தழும்புகள், பிளாஸ்டர் ஒட்டிய ஒரு நகம். எங்கோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்; அது நடிப்பில்லை. கடைசியாகக் கமரா பெட்டிக்குள் இறங்கியது. மார்பில் செபமாலையோடு கோத்துவைத்த பிணத்தின் கைகளில் பெருவிரல் மட்டும் ஒவ்வொரு மணியாக நகர்ந்துகொண்டிருந்தது.