ஜனாதிபதியின் செம்பட்டை முடி

என் மகன் ஐஷமின் தலையை நானே மழித்தேன். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஆள் வியாபாரி சமையற்கட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்று மழிக்கச் சொன்னான்.

“வெள்ளைத் தோலு, செம்பட்டைத் தல. வழியில ஓடிப்போனா எவன் இவன அடிமைன்னு சொல்லுவான்? துரை மவன்னு நாற்காலி போட்டு உக்கார வச்சிருவானுங்க. ஒட்ட வழிச்சு எடு” என்றான்.

துரை மகன்தான், பாவிப்பயலே! பண்ணை இருந்த குன்றின் மேலும் கீழும் வாழ்ந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பெரிய துரை என்று நாங்கள் சொன்னவர் இந்த நாட்டுக்கு ஜனாதிபதியாக இருந்தவர். நாடு பிறந்த புதிதில், மனிதர்கள் எல்லோரும் சுதந்திரமானவர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பேசி முடித்து வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் அவருடைய பூட்ஸைக் கழற்ற நான் வேண்டும். மற்றதற்கும் நான் வேண்டும். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அப்படிப் பிறந்தவன் ஐஷம். அதே தாடை, அதே நடை, அதே செம்பட்டை முடி.

பெரிய துரை அந்த வசந்தத்தில் செத்துப்போனார். வீடும் நிலமும் நாங்களும் அவர் மகள் லுக்ரீஷியா துரைசானி கைக்குப் போனோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால், அங்கே குதிரையைப் பிடித்தபடி ஐஷம் நிற்பான். செத்தவர் இருபது வயதில் எழுந்து நிற்பதுபோல இருக்கும். ஒரு சீமாட்டி அங்கேயே மயக்கம் போட்டு விழுந்தாள். அந்த முகம் இனிமேல் தன் கண்ணில் படக்கூடாது என்று துரைசானி அன்றே முடிவு கட்டிவிட்டாள். அதனால்தான் வியாபாரி வந்தான்.

மழித்து முடித்ததும் ஐஷமைப் பன்றித்தொடை தொங்கும் புகைக்கொட்டிலில் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் விடிந்தால் வண்டி கிளம்பும். நான் தரையில் கிடந்த முடியை எல்லாம் கூட்டி அள்ளி ஏப்ரன் துணியில் முடிந்துகொண்டேன். செத்தவர் முடியை வெட்டிப் பதக்கத்தில் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது வெள்ளைக்காரர் வழக்கம். எங்கள் ஆட்கள் விற்கப்பட்டவர்களின் முடியையும் எடுத்து வைத்துக்கொள்வோம். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று மதியம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நீதிபதி எல்வெல் வந்து இறங்கினார். பெரிய துரையின் வாலிப காலத்து நண்பர். பெரிய துரை நினைவாக அங்கே ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். அதில் வைக்க ஏதாவது வேண்டுமென்று வந்திருந்தார். பரிமாறப் போன சமையற்காரி சூக்கி வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

“கெஸியாக்கா, வசமா மாட்டுனா துரைசானி! பெரிய துரையோட வாலிபத்து முடி ஒண்ணு ரிப்பன்ல கட்டி வச்சிருக்கீங்களாமே, அதக் குடுங்க, கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம்னு கேக்குறாரு. இவளும் ‘ஓ, மாடியில பத்திரமா இருக்கு, சாப்பிட்டதும் எடுத்தாரேன்’னு சொல்லிட்டா!”

“அதுதான் தீந்துபோச்சே.”

“வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தா என்ன மிஞ்சும்? வெறும் ரிப்பன்தான் இருக்கு. அதுவும் எலி கடிச்சது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறத்தில் முடி இருந்த தலை குன்றில் ஒன்றே ஒன்றுதான். அதையும் காலையில் மொட்டையடித்தாயிற்று. முடி மொத்தமும் என் மடியில்.

நான் அடுப்புப் பக்கம் போய் நின்றேன். துரைசானி உள்ளே வந்து சூக்கியை வெளியே போகச் சொன்னாள்.

“கெஸியா, அந்த முடி எங்க?”

“எந்த முடி, துரைசானி?”

“வெளையாடாத. காலையில வழிச்சியே, அது.”

முடிச்சை அவிழ்த்து, முடியைக் கையில் எடுத்து, கனலுக்கு மேலே பிடித்தேன்.

“என் மவன வெளிய விடச் சொல்லுங்க. தர்றேன்.”

“வித்தாச்சு. பேசி முடிச்சாச்சு.”

“வண்டி இன்னும் கிளம்பலியே.”

“உன் முதுகுத் தோல உரிச்சுருவேன்டி!”

“உரிங்க. என் முதுகுல முடியா மொளைக்கும்? அவன் தலையில மறுபடி வளர மாசக்கணக்கா ஆவும். நீதிபதி அதுவரைக்கும் பன்றித்தொடையத் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பாரா?”

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். நான் ஒரு சிட்டிகையைக் கனலில் போட்டேன். பொசுங்கும் நாற்றம் குப்பென்று கிளம்பியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஏதோ பெரிய தைரியசாலி என்று நினைக்காதீர்கள். என் பிள்ளையின் முடி என் கண்ணெதிரே எரிந்தது, வயிறும் சேர்ந்து எரிந்தது.

“என்னதான்டி வேணும் ஒனக்கு?” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“அவனுக்கு விடுதலை. நீதிபதி முன்னால சொல்லுங்க. சாகும்போது அப்பா கேட்டுக்கிட்டாருன்னு சொல்லுங்க.”

“அப்பா அப்படி எதுவும் கேக்கவே இல்ல.”

“எனக்குத் தெரியாதா? பக்கத்துல இருந்தது நான்தான். கடைசியாத் தண்ணி கேட்டாரு, அதோட சரி. நீங்க சொல்லுங்க, அவருக்கும் பெருமை, உங்களுக்கும் பெருமை.”

“மொதல்ல முடியக் குடு.”

“மொதல்ல சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பின்னாலயே கொண்டாறேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். பிறகு எலி கடித்த ரிப்பனை என்மேல் எறிந்துவிட்டுப் போனாள்.

முடியை அந்த ரிப்பனில் கட்டி வெள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். துரைசானி நன்றாகவே பொய் சொன்னாள். நடுநடுவே கைக்குட்டையால் கண்ணையும் ஒற்றிக்கொண்டாள். நீதிபதி மேசையைத் தட்டினார்.

“அதான் அவரு! சாகப்போற நேரத்துலயும் ஒரு அடிமையோட விடுதலைய நெனச்சிருக்காரு பாருங்க. கொண்டாங்கம்மா காகிதத்த, நானே எழுதுறேன், சாட்சியும் நானே.”

இறகுப் பேனா கீறும் சத்தம் கேட்டது. துரைசானி கையெழுத்துப் போட்டாள். நான் உள்ளே போய்த் தட்டை வைத்தேன். நீதிபதி முடியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதே முடிதான். மேடையில நின்னு பேசுறப்போ காத்துல பறக்கும். எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் எவ்வளவு பளபளப்பு!”

பளபளப்புக்கு என்ன குறை? காலையில் வழித்ததுதானே.

அதோடு விட்டிருந்தால் நல்லது. அந்த மனிதருக்குப் பாசம் பொங்கிவிட்டது. “அந்தப் பையனக் கூப்புடுங்க. நான் அவன் கையப் புடிச்சுக் குலுக்கணும்” என்றார்.

துரைசானி முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “வேண்டாங்க… அழுக்கா இருப்பான். வேல செஞ்சுட்டு வந்திருப்பான்.”

“அதனால என்னம்மா? உங்கப்பா பார்த்திருப்பாரா அழுக்கெல்லாம்?”

ஐஷமைக் கூட்டிவந்தார்கள். புகைவாடையும் மொட்டைத்தலையுமாக நின்றான். காதோரம் என் சவரக்கத்தி பட்ட கீறலில் ரத்தம் காயவில்லை. தலையை மழித்தேன், புருவத்தை மறந்துவிட்டேன். சன்னல் வெயிலில் இரண்டு புருவமும் செம்பாக மின்னின.

கை நீட்டியபடி எழுந்த நீதிபதி பாதியில் நின்றார். தாடையைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். மொட்டைத்தலையைப் பார்த்தார். திரும்பித் தட்டில் இருந்த முடியைப் பார்த்தார். காகிதம் இன்னும் அவர் இடது கையில் இருந்தது. அதை இரண்டாகக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆண்டவரே, என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளுக்குள் கத்தினேன்.

நீதிபதி உட்கார்ந்தார். முடியை மெதுவாகத் தன் கைக்குட்டையில் மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நான் நாளைக்குக் காலையில கிளம்புறேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “வண்டியில எடம் இருக்கு. இவன் இங்க இருக்க வேண்டாம்.”

காகிதத்தைத் துரைசானியிடம் கொடுக்காமல் ஐஷமிடமே கொடுத்தார். கை மட்டும் குலுக்கவில்லை.

விடுதலையானவன் வர்ஜீனியாவில் தங்க முடியாது, சட்டம் அப்படி. எப்படிப் பார்த்தாலும் அவன் போகத்தான் வேண்டும். வியாபாரி கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஜார்ஜியாவின் பருத்திக்காட்டுக்குச் சங்கிலியோடு போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வண்டி ஏறும்போது ஐஷம் என் கையை விடவில்லை.

“நீயும் வாம்மா.”

“என்னை வெளிய எடுக்க யார் தலையில முடி இருக்குடா?” என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன், அழுதான். நான்தான் விரல் விரலாகப் பிரித்து அனுப்பினேன். வண்டி மறைந்ததும் ஓடிப்போய்ச் சமையற்கட்டுத் தரையெல்லாம் துழாவினேன். ஓர் இழை கிடைக்கவில்லை. சூக்கி பெருக்கித் துடைத்திருந்தாள். பாவம், அவளை அன்று நான் திட்டாத திட்டு இல்லை.

இரண்டு வருடம் கழித்து நீதிபதியின் வண்டிக்காரர் ப்ரின்ஸ் ஏதோ சாமான் கொடுக்க வந்தார். எங்களைப் போலக் கறுப்பர்தான், ஆனால் சுதந்திரமானவர். சோளரொட்டியைக் கையில் திணித்து, மகனைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

“கொல்லப் பட்டறையில வேல பாக்குறான். நல்லா இருக்கான். ஆனா அந்த மண்டபத்துல ஒரு ரகள பண்ணிட்டான், தெரியுமா?”

“ஐயோ, என்ன பண்ணுனான்?”

“ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுப் போயிருக்கான். வெள்ளைக்காரன்னு நெனச்சு உள்ள விட்டுட்டாங்க. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால எல்லாரும் தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறாங்க. இவன் மட்டும் போட்ட தொப்பியோட நிக்கிறான். காவல்காரன் வந்து, ‘ஜனாதிபதி முடிடா, மரியாத இல்ல?’ன்னு அதட்டியிருக்கான்.”

“அதுக்கு?”

“‘எங்கம்மா வழிச்ச முடிக்கு நான் எதுக்குத் தொப்பி கழட்டணும்’னு கேட்டானாம். பைத்தியம்னு சொல்லிப் படியில உருட்டி விட்டுட்டாங்க.”

“அடி பட்டுச்சா?”

“முட்டியில செராப்பு. வேற ஒண்ணுமில்ல.”

“தொப்பி?”

“தலையிலதான் இருந்துச்சாம். ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டே உருண்டானாம்.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ப்ரின்ஸ் என் தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது. முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டேன். காது மூடும் அளவுக்கு இருக்கிறதாம்.