கறுத்த இருபத்துமூன்று

மார்ச் 12, செவ்வாய். நாற்பத்தொன்றாம் தொட்டி மீன் ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகள் தொண்ணூற்றிரண்டு. அவற்றில் கறுத்து, நோஞ்சானாகத் தெரிந்த இருபத்துமூன்றை வியாழனன்று சோதிக்காமலே தட்டிலிருந்து கொட்டிவிட்டேன். தப்பென்று இன்றுதான் உறைத்தது.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் இதை எழுதிவிட்டு அவள் பலகையை மறுபடி பார்த்தாள். தாயும் தகப்பனும் ஒரே குறையை வெளியே தெரியாமல் சுமந்தால் பிள்ளைகளில் நாலில் ஒரு பங்குக்கு அது வெளிப்படும் என்று வாத்தியார் எழுதியிருந்தார். தொண்ணூற்றிரண்டில் நாலில் ஒன்று இருபத்துமூன்று. நோவு இப்படிக் கணக்காகப் பங்கு பிரித்தா வரும்?

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பார்வைக்கான மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் மீன்குஞ்சை நடுவில் வைத்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உருளையை அதைச் சுற்றிச் சுழற்றுவார்கள். பார்வையுள்ள குஞ்சின் கண்கள் கோட்டோடு கொஞ்ச தூரம் போய், வெடுக்கென்று திரும்பி வரும். கண் அசையாத குஞ்சுகளைப் பெறும் ஜோடிதான் அவர்கள் தேடும் புதையல். ஏழு மாதமாக ஒரு ஜோடிகூட அகப்படவில்லை. நாற்பத்தொன்றில் மீதிக் குஞ்சுகள் எல்லாமே கோட்டைப் பார்த்தன. ‘குறை இல்லை’ என்று குறித்தவளும் அவளே. அப்படிக் குறித்த ஜோடிகளைப் புதன் காலையில் அப்புறப்படுத்திவிடுவார்கள்.

புதனன்று அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது, தொட்டிகளைப் பராமரிக்கும் அண்ணன் முப்பத்தொன்பதாம் தொட்டியில் வலையை விட்டிருந்தார்.

“என்ன நோட்டு, வீடு பத்திக்கிச்சா?” எப்போதும் நோட்டும் கையுமாகத் திரிபவளுக்கு அவர் வைத்த பெயர் அது.

“நாப்பத்தொண்ண மட்டும் தொடாதீங்கண்ணா.”

காரணத்தை ஆய்வாளர் அக்காவிடம் சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போனது. அக்கா திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“வேற தட்டுலயும் இப்படிக் கொட்டினியா?”

ராத்திரி முழுக்க அவளை அரித்த கேள்வி அது. ஏழு மாதப் பக்கங்களையும் ஒரு வரி விடாமல் புரட்டியிருந்தாள்.

“இல்லக்கா. எழுதாம நான் எதையும் கொட்டினதில்ல.”

“அது நெசம்தான். தண்ணி குடிச்சாலும் எழுதிட்டுத்தான் மறுவேலை” என்றார் அண்ணன்.

அக்கா தொட்டியருகே குனிந்தார். “வெளிச்சத்துல வெச்சா குஞ்சுங்க உடம்பு வெளுக்கும். வெளிச்சமே தெரியாத குஞ்சு, இன்னும் இருட்டுன்னு நெனச்சுக் கறுப்பாவே கெடக்கும். நீ கொட்டினது அதுவா இருக்கலாம். வெறும் நோஞ்சானாவும் இருக்கலாம். திரும்பப் பொரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.” நிமிர்ந்து, அதே குரலில், “நீயே செய்” என்றார்.

மாலையில் அந்த ஜோடியைச் சின்னப் பெட்டிக்கு மாற்றி, நடுவில் கண்ணாடித் தடுப்பைச் செருகினாள். இரண்டும் தடுப்பின் இரு பக்கமும் மூக்கை உரசியபடி மேலும் கீழும் நீந்தின. வகுப்புக்கு நேரமாகியும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு எழுதினாள்:

நாளை காலை எட்டுக்கு விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுக்க வேண்டும்; வெளிச்சம் வந்ததும்தான் ஜோடி சேர்ந்து முட்டையிடும். பத்துக்குள் முட்டைகளைச் சேகரித்து, கழுவி, எண்ண வேண்டும்.