கையில்லாத நாற்காலி

நாற்பத்தோரு வருடம் பெரிய கடை வீதியில் கீலும் தாழ்ப்பாளும் கைப்பிடியும் விற்றவன் நான். ஊரில் பாதிக் கதவுகள் சத்தமில்லாமல் திறக்கின்றன என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. மீதிக் கதவுகள் கிரீச்சிடுவதிலும் உண்டு. அப்படிப்பட்டவனுடைய வலது முழங்கால் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக் கிரீச்சிட ஆரம்பித்தது. “எண்ணெய் கிண்ணெய் விட்டு ஓட்ட முடியாதா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் பாலக்கரை வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே பதினெட்டு அடி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அதைக் கடக்க வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவன்போல் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. வழியனுப்ப என் மனைவி கமர் ஜஹான் பின்னாலேயே வருவாள்.

தினமும் காலை பத்து மணிக்கு மன்னார்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் பிலோமின்ராஜ் வருவார். பிசியோதெரபிஸ்ட். குரல் பஞ்சு மாதிரி, கை இடுக்கி மாதிரி. முதல் நாள் வந்தவுடன் என் முட்டிக்கு அடியிலிருந்த தலையணையைத்தான் பார்த்தார்.

“இதை யாருங்க வெச்சது?”

“என் சம்சாரம்.”

“அன்பு இருக்கட்டும் பாய். முட்டிக்கு அடியில மட்டும் வேணாம். அப்பறம் காலை நீட்டவே வராது. குதிகாலுக்குக் கீழே வைங்க.”

பிறகு காலை மடக்கச் சொன்னார். மடக்கினேன். என் அத்தா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். அவர் நிதானமாக ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்த்து, “அறுபத்தெட்டு டிகிரி. தொண்ணூறு வரணும்,” என்றார்.

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு எப்பப் போகலாம்?”

“தொண்ணூறு வந்து, ஸ்டிக் வெச்சு நடந்துட்டீங்கன்னா ஆறாவது வாரம் போலாம். ஆனா முட்டி போட வேணாம். தரையில உக்கார வேணாம். இனிமே சேர்தான் பாய்.”

அதுவரைக்கும் வலி முட்டியில் மட்டும்தான் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிவாசலில், தரையில் உட்கார முடியாதவர்கள் தொழுவதற்கு வரிசையின் ஓரத்தில் நாற்காலிகள் போட்டிருக்கும். அதில் உட்காருபவர்களில் ஒருவன் அப்துல் ஹலீம். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களுக்குச் சாக்கு விற்றவன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. அவனுக்கு இடது முட்டி போய்ப் பல வருடமாகிறது. ஆபரேஷன் என்றால் பயம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், பக்கத்தில் யாருடைய தோளாவது கிடைக்குமா என்று காற்றில் கையைத் துழாவினான். இரண்டு வரிசை தள்ளி இருந்த நான் சத்தமாக, “ஒதுங்குங்கப்பா, சுல்தான் எந்திரிக்கறாரு!” என்றேன்.

பள்ளியே சிரித்தது. அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, “நல்லா இருந்துச்சுடா மாலிக்கு,” என்றான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரத்துக்குள் கறிக்கடை, டீக்கடை, மருந்துக்கடை எல்லா இடத்திலும் அவனுக்கு ‘சுல்தான் பாய்’ என்று பெயர் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஜோக்கு வருகிற வேகத்தில் எனக்கு மன்னிப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே ஓரத்தில், அதே நாற்காலியில், அவனுக்குப் பக்கத்தில் நான் போய் உட்கார வேண்டும்.

என்னைப் பார்க்க ஜமாஅத்தில் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆளுக்கு ஒரு முட்டிக் கதையும் கொண்டுவந்தார்கள். ஒருவர், தன் மைத்துனருக்கு இதே ஆபரேஷன் செய்து கால் கோணிக்கொண்டுவிட்டது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் நான் யாரையும் எதிர்பார்க்காதவன்போல் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். ஹலீம் வரவில்லை.

மூன்றாவது வாரம் வாக்கரை மூலையில் நிறுத்திவிட்டுக் கைத்தடிக்கு மாறினேன். அன்றைக்கு பிலோமின்ராஜ், “பள்ளிவாசல் பிராக்டீஸ் பண்ணுவோமா? ஒரு சேர் கொண்டாங்கம்மா,” என்றார். கமரு அடுக்களையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு பிளாஸ்டிக், இரும்புக் கால், கை கிடையாது. உட்கார்ந்தேன். உட்காருவதில் கஷ்டமே இல்லை.

“இப்ப எந்திரிங்க. ஒன்னு, ரெண்டு, மூணு.”

என் உடம்பில் புருவம் மட்டும் எழுந்தது.

“இன்னொரு தடவை.”

எதையாவது ஊன்றலாம் என்று இரண்டு கையும் பக்கவாட்டில் போயின. அங்கே ஒன்றும் இல்லை. வலது கை அப்படியே காற்றில் துழாவியது. அந்தக் கையை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். வேறொருவன் தோளிலிருந்து அது நீண்டிருந்தது.

பிலோமின்ராஜ் கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார். நாற்காலியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “உயரமும் பத்தாது, புடிக்கக் கையும் இல்ல. முட்டிக்காரங்க இதுல உக்காந்தா அவ்ளோதான். எந்தப் புத்திசாலிங்க இதை வாங்குனது?”

கமரு முகவாயால் என்னைக் காட்டினாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி பள்ளிக்கு ஒரு டஜன் வாங்குனாங்க தம்பி. கை வெச்ச சேர்னா வரிசையில ஆறுதான் புடிக்குமாம், கை இல்லேன்னா எட்டு புடிக்குமாம். கமிட்டியில இவங்களுக்கு ஒரே பாராட்டு. அதுல மிஞ்சுனது ஒன்னு வீட்டுக்கு வந்துச்சு.”

“பாய் என்ன வியாபாரம் பண்ணீங்க?”

“கைப்பிடி,” என்றேன்.

அவர் நல்ல மனிதர். திரும்பி நின்றுகொண்டு சிரித்தார்.

அவர் போன பிறகு கமரு சூப்பு கொண்டுவந்தாள். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப்பு. காலுக்குக் கால் என்று ஒரு கணக்கு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “ஊரே வந்துடுச்சு. ஹலீம் மட்டும் எட்டிப் பார்க்கல, பாத்தியா?” என்றேன்.

“அந்த சூப்பு எங்கேருந்து வருதுன்னு நெனைச்சீங்க?”

“நீதானே வெக்கிறே?”

“எனக்கு உங்க காலைப் பாக்கவே நேரம் பத்தல, இதுல ஆட்டுக்காலை வேற பாக்கணுமா? ரோஷன் பேகம் வெச்சு அனுப்புறாங்க. அவங்க வீட்டுக்காரர் ஹலீம் அண்ணந்தான் காலைல கறிக்கடைல நின்னு, முன்னங்கால்தான் வேணும்னு கேட்டு வாங்கியாறாங்களாம். சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்.”

சூப்பு அன்றைக்குக் கொஞ்சம் காரம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

கடைசியில் தொண்ணூற்று நாலு டிகிரி வந்தது. உயரமான, கை வைத்த நாற்காலி ஒரு டஜனுக்குச் சொல்லிவைத்தேன். செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். நான் போக வேண்டிய ஜும்ஆ அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. “இங்கேருந்து நல்ல சேர் ஒன்னை ஆட்டோல எடுத்துட்டுப் போங்களேன்,” என்றாள் கமரு. சொந்த ஆசனத்தோடு பள்ளிக்குப் போவதா? அதுதான் நிஜமான சுல்தான் வேலை. வேண்டாம் என்றேன். பிலோமின்ராஜிடம் கேட்டதற்கு, “பக்கத்துல தெம்பா ஒரு ஆள் தோள் குடுத்தா எந்திரிச்சுடலாம். தனியா டிரை பண்ணாதீங்க,” என்றார்.

பள்ளியில் ஹலீம் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒன்று காலி. ஸலாம் சொன்னேன். பதில் சொன்னான், சொல்லித்தான் ஆக வேண்டும். நான் உட்கார்ந்ததும், தன் கைத்தடியை நகர்த்தி என்னுடையதற்கு இடம் விட்டான். பயான் உரை நடந்தது. தொழுகை நடந்தது. நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் தலையை மட்டும் குனிந்தபோது, முன்னால் இருப்பவர்களின் குதிகால்களைப் பார்த்தேன். எல்லாம் மடங்குகிற கால்கள்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினேன். “கை குடுக்கவா பாய்?” என்று கேட்ட இரண்டு பேரிடம் வேண்டாம் என்றேன். ஹலீமும் எழவில்லை. கடைசியில் பள்ளிக்குள் நாங்கள் இரண்டு பேரும், தூரத்தில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் பாங்கு சொல்லும் மோதினாரும்தான் இருந்தோம்.

“ஹலீமு.”

“ம்.”

“இந்தச் சேரை எந்த மடையன்டா வாங்குனான்?”

“கைப்பிடி வித்த மடையன் ஒருத்தன்.”

“எந்திரிக்க முடியலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்லுவே.”

அதற்கு என்னிடம் ஒரு ஜோக்கு இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. உன்னைப் பாக்கவே இல்ல. மாப்பு பண்ணிடு.”

அவன் குனிந்து என் முட்டியைப் பார்த்தான்.

“எத்தனை டிகிரி?”

“தொண்ணூத்தி நாலு.”

“பின்னங்காலா இருந்தா எம்பதுதான் வந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு, தன் தோளை என் பக்கம் சாய்த்தான். “புடி.”

பிடித்தேன். அவனுக்கும் பிடிக்க வேறு தோள் கிடையாது. என் தோளைப் பிடித்தான். பிலோமின்ராஜ் சொன்ன தெம்பான ஆள் இவனில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று எண்ணி எழுந்தோம். பாதி வழியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பி, ஒன்றாகவே திரும்ப உட்கார்ந்தோம்.

மோதினார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, “பாய், ஃபேனை நிறுத்திடட்டுமா?” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க மோதினாரே,” என்று ஹலீம் பள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். “சுல்தான் எந்திரிக்கறாரு.”

எந்தச் சுல்தான் என்று மோதினார் கேட்கவில்லை. நாங்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தோம்.