மறக்க மறுத்த செல்கள்

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து போனை நான் கீழே வைக்கவில்லை. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் நர்கீஸ் அன்று காலை முடிவு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் ஊர் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் வேலை இதுதான். உடம்பின் எல்லா செல்லுக்குள்ளும் ஒரே மரபணுக்கள். எது பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று முடிவு செய்வது அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் வேதிக்குறிகள். தோல் செல்லின் குறிகளை அழித்துக் கணையத்தின் குறிகளை ஏற்றினால் அது இன்சுலின் சுரக்கும். சர்க்கரை நோய்க்குத் தினம் ஊசி போட்டுக்கொள்ளும் என் அப்பா முத்துச்சாமியின் கையில் துளி தோல் எடுத்துத்தான் முயன்றோம். போன மாதம் அந்த செல்கள் ஆய்வுக்கூடத் தட்டில் இன்சுலின் சுரந்தன. வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். தட்டில் மட்டும்தான் என்றும் சொன்னேன். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். புனித செபஸ்தியாருக்கு நேர்ந்திருந்த ஆட்டை வெட்டி விருந்து வைக்க நாளும் குறித்துவிட்டாள்.

அன்றுதான் அந்த விருந்து. வாசலில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா பந்தலில் உட்கார்ந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார், எழுந்து ஒன்றுக்கு ஓடினார், திரும்பி வந்து மறுபடி குடித்தார். சட்டை தோளில் தொங்கியது. சர்க்கரை ஏறியதன் அடையாளம் அத்தனையும் தெரிந்தது.

நர்கீஸின் செய்தி வந்தது. பழைய குறிகள் முழுதாக அழியவில்லை. செல்கள் திரும்பவும் தோலாகிவிட்டன, இன்சுலின் நின்றுவிட்டது.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். அப்பாவின் இன்சுலின் இல்லை. வேண்டுதல் பலித்தபின் மிச்ச மருந்தை வைத்திருந்தால் புனிதரைச் சந்தேகப்பட்டதாகும், அதனால் பக்கத்துத் தெரு அல்போன்சாவுக்குக் கொடுத்தாயிற்று, போன வாரமே, என்றாள் அம்மா செபாஸ்தியம்மாள். வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. இந்த வீட்டில் பிறந்து நான் எப்படி விஞ்ஞானம் படித்தேனோ!

அல்போன்சா வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, பிரிக்காத இன்சுலின் பேனா ஒன்று அவள் ஃபிரிட்ஜில் இருந்தது. டாக்டர் போனில் அளவு சொல்லி, போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னார்.

"அப்பா, அது திரும்பத் தோலாயிருச்சு. பழசை மறக்க மாட்டேங்குது."

அவர் மறுபடி செம்பை எடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவை விடுங்கள், தட்டில் மட்டும்தான் என்று சொன்னேனே, நீங்கள் எப்படி ஊசியை நிறுத்தலாம் என்று பந்தலென்றும் பாராமல் கத்தினேன்.

"ஊசியையும் போட்டுக்கிட்டு ஆட்டையும் வெட்டுனா, எம் மகளை நானே நம்பலைன்னு ஆகாதா?" என்றார் அப்பா.

நான் பேனாவைப் பிரித்தேன். அவரே சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பிடித்துக் காட்டினார். ஊசி போட்டு ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அழுதேன். அவர் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த தடவை பலிச்சா எங்கிட்டச் சொல்லாதத்தா. சொன்னா நம்பிருவேன்."