பெயரில்லாத மாடம்

எங்கள் கட்டிடக் கலைஞர் லாஹிரி பாபு, கல்கத்தாவில் உட்கார்ந்தபடியே எல்லாச் சாமிகளையும் ஒரே கூரையின் கீழ் குடியேற்றத் தெரிந்தவர். புயலில் படகோடு போன மீனவர்களுக்குக் கடலோர ஊரான காக்துவீப் அருகே ஒரு நினைவிடம் வேண்டும் என்றார்கள். விஷ்ணுபூர் கோயில்களைப் போல வளைந்த கூரை, தர்காவில் இருப்பதுபோல வரிசையாய் விளக்கு மாடங்கள், மாடத்துக்கு மேலே சுட்ட மண் ஓட்டில் ஆளுக்கொரு பெயர் என்று வரைந்து கொடுத்தார். இறந்தவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. விளக்குக்கு மதமில்லை என்பது அவர் வாதம். கூரை வளைவில் விழும் மழைநீர் எங்கே போகும் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. மேஸ்திரிகளை மேய்க்கும் எஞ்சினியருக்கு யார் பதில் சொல்வார்கள்?

பெயர் ஓடுகளைப் பதிக்க ஆரம்பித்த அன்று ஷேபாலி பர்மன் வந்தாள். கருவாட்டுக் களத்தில் வேலை செய்பவள். கையில் சங்கு வளை, வகிட்டில் குங்குமம். அவள் புருஷன் கோகுல் அந்தப் படகில் போனவன். உடல் கிடைக்கவில்லை.

"எஞ்சினியர் பாபு, அந்த ஓட்டை எடுங்க."

"எதை?"

"எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கே, அதை. பன்னெண்டு வருஷம் முடிய இன்னும் சில மாசம் இருக்கு."

உடல் கிடைக்காதவனுக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அதன்பிறகு தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது வழக்கம். அதுவரை அவள் சுமங்கலி. சுவரில் பெயர் ஏறினால் அன்றைக்கே ஊர்ப்பெண்கள் வந்து வளையை உடைத்துவிடுவார்கள்.

பஞ்சாயத்துச் செயலர் நிமாய் மண்டல் சும்மா இருப்பாரா? அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டபடியே குத்துகிற ஆள். "இதோ பாரு பௌதி, செத்துட்டான்னு சர்க்காரே எழுதிக் குடுத்தாச்சு. உனக்கென்ன தனிக் கணக்கு?"

"எழுதினா எழுதிக்கட்டும். அவர் கரையேறி வந்து, சுவத்துல தன் பேரைப் பாத்தார்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"இத்தனை வருஷமா நீஞ்சிக்கிட்டா இருப்பான்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கு நிமாய் மேல்தான் எரிச்சல் வந்தது. அவள் கணக்கில் எனக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனால் ஓர் ஓட்டைப் பெயர்ப்பதால் எனக்கு என்ன குறைந்துவிடும்? பெயர்த்து அவள் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில் எழுத்தில்லாத ஓடு ஒன்றை வைத்தேன். லாஹிரி பாபு போனில் குதி குதி என்று குதித்தார். திறப்பு விழாவில் அதே வெற்று ஓட்டைக் காட்டி, வெறுமையின் தத்துவம் என்று அமைச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று எல்லா மாடங்களிலும் விளக்கு எரிந்தது, அந்த ஒன்றைத் தவிர. இங்கே விளக்கு செத்தவர்களுக்கு என்று ஷேபாலி அதன் பக்கமே போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், நான் சொன்னபடியே கூரை ஒழுகியது. ஆட்களோடு திரும்பப் போனேன். பெயர் பொறித்த மாடங்களில் பல்லி குடியிருந்தது. பெயரில்லாத மாடமோ கரி படிந்து கறுத்திருந்தது. உள்ளே செம்பருத்தி, குங்குமம், தர்காவில் கட்டும் பச்சைத் துணிக் கிழிசல். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் விளக்கு வைக்கிறார்களாம். பெயரில்லை என்றால் அங்கே இன்னும் யாரும் சாகவில்லை என்று அர்த்தம். லாஹிரி பாபு அவ்வளவு பெரிய வரைபடத்தில் முயன்றது, அவர் வரையாத ஓட்டின் கீழே நடந்திருந்தது.

மூன்றாம் நாள் ஷேபாலி வந்தாள். வெள்ளைப் புடவை. வளையில்லாத மொட்டைக் கை. முந்தானையில் சுற்றிய ஓடு.

"பன்னெண்டு வருஷம் முடிஞ்சுது. காலையில எரிச்சாச்சு, பாபு. இப்ப பதிங்க."

நான் சிமெண்டைக் குழைத்துக் கரணையை எடுத்தேன். விளக்கு வைக்க வந்திருந்த ருபீனா மாடத்தை மறைத்து நின்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"வேண்டாம் தீதி! என் ஆளு கடல்ல இருக்காரு. காத்தழுத்தம்னு ரேடியோவுல சொல்றான். இன்னிக்குப் போய் இங்க சாவைப் பதிக்காதீங்க."

"அப்ப எங்க ஆளு எங்கடி போவாரு? கடல்லயும் கிடைக்கலை, சுவத்துலயும் இடமில்லையா?"

ருபீனா அழுதாள். ஆனால் நகரவில்லை. அந்த வெற்று ஓட்டை வைத்தவன் நான். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றேன். வருத்தமாக இருந்தது.

ஷேபாலி ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டு இறுகத் தொடங்கியது. ஈரக்காற்றில் மாடத்து விளக்கு துடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து மாடத்தருகே போனாள்.

"இப்படியா விளக்கு வைப்பாங்க? எண்ணெயே இல்லை பாரு."

ருபீனாவின் புட்டியை வாங்கி ஊற்றினாள். திரியைத் தூண்டி, சுடர் நிற்கும்வரை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தாள். அவள் கை அந்த மாடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை.

பிறகு என்னைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனாள். ஓட்டை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் அவர் பேரை நான் சொல்லக்கூடாது. நீங்க ஒரு தடவை படிங்க. தண்ணியில விட்டுடறேன்."

"கோகுல் பர்மன்," என்று படித்தேன்.

"சத்தமா, பாபு. ரொம்ப தூரத்துல இருக்காரு."